ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: எல்லா புஷ்ஷும் புதுசு, ஆனாலும் வண்டி அலையுது, இடது பக்கம் இழுக்குது

ஹெரால்டு948

வணக்கம். என் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு (டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்), இரண்டு கதவு, 948 சிசி. பாடியைத் தூக்கி சேசிஸ் வரை பிரித்துச் செய்த ரெஸ்டோரேஷன். சேசிஸ், விஷ்போன் (முன் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் V வடிவக் கை), பிராக்கெட் எல்லாம் பவுடர் கோட்டிங். முன்பக்கம் புது காயில் ஸ்பிரிங், ஷாக், ரப்பர் புஷ், மேல் பால் ஜாயிண்ட். டிரன்னியன் (முன் சக்கரத்தின் கீழ் மூட்டு) பழையதுதான், கிரீஸ் அடித்து மாட்டியிருக்கு. பின்பக்க பட்டை ஸ்பிரிங்கை ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கியாச்சு. டயர் நான்கும் புது 145 ரேடியல்.

பிரச்சினைகள்:

50–60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி மிதக்கிற மாதிரி அலையுது. கையை விட்டால் இடது பக்கம் இழுக்குது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலது பக்கம் கொஞ்சம் திரும்பியே நிற்குது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, கையால் கொண்டுவர வேண்டியிருக்கு. முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் தேய ஆரம்பித்துவிட்டது. பின் சக்கரங்கள் மேல்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கின்றன.

கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் கடையில் இந்த வண்டியின் அளவு மெஷினில் இல்லை என்று சொல்லி, வேறு ஒரு சின்ன காரைத் தேர்வு செய்து டை ராடை (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) மட்டும் திருப்பினார்கள். ஒன்றும் மாறவில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

சேசிஸ்நம்பர்

டை ராடை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஹெரால்டில் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கடைசி வேலை. அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொன்றும் மாறும்போது டோவும் கூடவே மாறும். வரிசை இதுதான்: முதலில் ஆட்டம், பிறகு வண்டி நிற்கும் உயரம், பிறகு பின் சக்கரம், பிறகு முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), அதற்குப் பிறகு டோ.

முதலில் ஒரு கேள்வி. விஷ்போன் உள்பக்க போல்ட்டுகளை எப்போது முறுக்கினீர்கள்? சேசிஸ் ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும்போதா? ரெஸ்டோரேஷனில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ரப்பர் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயும் வெளிப்பக்கமும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். புஷ் சுழலாது, ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் விஷ்போன் மேலும் கீழும் போகும். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால் அதுவே புஷ்ஷுக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையில் நின்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். முன்பக்கம் உயரமாக நிற்கும், கேம்பர் கூடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் கிழியும்.

செய்ய வேண்டியது: வண்டியைத் தரையில் இறக்கி, மேல் கீழ் விஷ்போன் உள் போல்ட்டுகள், ஷாக்கின் கீழ்க்கண் போல்ட், பின் ரேடியஸ் ஆர்ம் (பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பி) இரண்டு முனை போல்ட்டுகள், ஆண்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடது வலது பக்கங்களை இணைக்கும் கம்பி) லிங்க் எல்லாவற்றையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். நட்டைக் கழற்ற வேண்டாம். முன் சீட்டு இரண்டிலும் ஆளுக்கு 70 கிலோ என்று மணல் மூட்டை வையுங்கள். முன்னும் பின்னும் நாலு முறை அமுக்கி விடுங்கள், வண்டியை ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டுங்கள். பிறகு அந்த எடையோடு முறுக்குங்கள். டிரன்னியன் போல்ட்டுக்கு இது பொருந்தாது. அதில் நைலான் புஷ், உள்ளே இரும்பு ஸ்லீவ். அது சுழலக்கூடிய அமைப்பு.

உருட்டுவது ஏன் என்றால், ஜாக்கியில் தூக்கி இறக்கியதும் ஸ்விங் ஆக்ஸிலின் (இடது, வலது ஆக்ஸில் தனித்தனியாக டிஃபரென்ஷியலில் இருந்து மேலும் கீழும் ஆடும் அமைப்பு) சக்கரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும். டயர் தரையில் பிடித்துக்கொள்வதால் தானாக விரியாது. உருட்டாமல் எடுத்த எந்த அளவும் பின்பக்கத்தில் பொய்.

இன்னொன்று. கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இருந்திருக்க வேண்டும். பிரிக்கும்போது எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்து வைத்தீர்களா? அந்த முகங்களில் பவுடர் கோட்டிங் இருக்கா?

கோவை_லேத்

சேசிஸ்நம்பர் சொன்ன வரிசை சரிங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, அது உயிர் சம்பந்தப்பட்டது. டிரன்னியன்ல கிரீஸ் அடிச்சிருக்கேன்னு சொன்னீங்க. அதைச் சரி பண்ணாம ரோட்டுல எடுக்காதீங்க.

இந்த வண்டியில கிங் பின் கிடையாது. மேல பால் ஜாயிண்ட், கீழ பித்தளை டிரன்னியன். வெர்டிகல் லிங்க்கோட (ஹப்பைத் தாங்குற செங்குத்துத் தண்டு) அடிமுனை மரையா இருக்கும், அது டிரன்னியனுக்குள்ள முறுக்கி நிக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையிலதான் சுத்துது. அதுக்குக் கொடுக்க வேண்டியது 90 கியர் ஆயில், ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்குற) ரகம். கிரீஸ் கிடையாது. கிரீஸ் மரையோட அடி வரைக்கும் இறங்காது, கொஞ்ச நாள்ல காய்ஞ்சு கட்டியாகும், மழைத்தண்ணி மேல் சீல் வழியா உள்ள போனா வெளியேற வழியில்லை. இரும்பு மரை துருப்பிடிச்சு, துருக்குழியில கீறல் விழுந்து, ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு பார்க் பண்ணும்போதோ பள்ளத்துல இறங்கும்போதோ லிங்க் அங்கேயே முறியும். சக்கரம் வீல் ஆர்ச்சுக்குள்ள மடங்கிடும்.

ஸ்டீயரிங் தானா திரும்பாததுக்கும் முதல் சந்தேகம் இதுதான். சோதிக்கிறது சுலபம். முன்பக்கம் ஸ்டாண்ட்ல ஏத்துங்க, டை ராட் எண்டை ஸ்டீயரிங் ஆர்ம்ல இருந்து கழட்டுங்க, ஹப்பைக் கையால திருப்பிப் பாருங்க. ரெண்டு கோடிக்கும் ஒரே மாதிரி, வழுவழுன்னு போகணும். கனமா இருந்தா டிரன்னியன் இல்லேன்னா புது பால் ஜாயிண்ட். ஹப் லேசா திரும்பினா, அடுத்து ஸ்டீயரிங் வீலைத் திருப்பிப் பாருங்க. அது கனமா இருந்தா ரேக்ல (ஸ்டீயரிங்கோட பல் கம்பி), அதை அழுத்திப் பிடிக்கிற டேம்பர் பிளஞ்சர்ல ஷிம் குறைச்சு இறுக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

டிரன்னியனை எப்படியும் பிரிங்க. வலது பக்கம் வலது மரை, இடது பக்கம் இடது மரை. மாத்திப் போட முடியாது, தப்பான திசையில பலமாத் திருப்பினா பித்தளை மரை போயிடும். டீசல்ல ஊறவெச்சு பழைய கிரீஸ் முழுக்க எடுத்திடுங்க. இரும்பு மரையில குழி தெரிஞ்சா லிங்க் வேண்டாம். சுத்தமாத் தெரிஞ்சாலும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே அடிச்சுக் கீறல் பார்த்துடுங்க, மரை முடிஞ்சு தண்டு ஆரம்பிக்கிற இடத்தைக் குறிப்பா. மாட்டும்போது மேல் சீல் புதுசு போட்டு, கடைசி வரைக்கும் முறுக்கி, அங்கிருந்து போல்ட் துளை நேரா வர்ற முதல் நிலைக்குப் பின்னால எடுங்க. கடைசி வரைக்கும் இறுக்கி விட்டா முழு லாக் (ஸ்டீயரிங் ஒரு பக்கம் போற கடைசி வரைக்கும்) திருப்பும்போது மரை அடியில முட்டும்.

ஆயில் அடிக்கிறதுக்குன்னு ஒரு சின்ன கிரீஸ் கன்னைத் தனியா வெச்சுக்குங்க. கிரீஸ் போட்ட கன்னைக் கழுவி உபயோகிச்சா மிச்சம் மீதி உள்ள போகும். சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி, மேல் சீல் ஓரமா புது ஆயில் கசியற வரைக்கும் அடிக்கணும். ஆயில் கன் ஒழுகும், அது அப்படித்தான். 5000 கி.மீ.க்கு ஒரு தடவை, குறைவா ஓடற வண்டின்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை, அதுல ஒண்ணு மழைக்காலத்துக்கு முன்னாடி.

டிரன்னியனும் நைலான் புஷ் கிட்டும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு வர்றதே இதுக்கும் சேரும். இங்கிலாந்துல இருந்து வரவழைக்கலாம். லேத்துல பித்தளைக் கம்பியில கடைஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க.

ஹெரால்டு948

விவரமான பதிலுக்கு நன்றி. ஆமாம், போல்ட் எல்லாம் ஸ்டாண்டில் தொங்கும்போதே முறுக்கியது. ஷிம் கணக்கு யாரும் குறிக்கவில்லை. இப்போது பார்த்தால் வலது பக்கம் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் 2 தகடு, ஒன்று 1.6 மி.மீ. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. பிராக்கெட் முகங்களில் பவுடர் கோட்டிங் அப்படியே இருக்கு.

டிரன்னியன் பிரித்தாயிற்று. கிரீஸ் பாறை மாதிரி இருந்தது. வலது லிங்க் சுத்தம், கீறல் இல்லை. இடது லிங்க்கின் மரை அடியில் துருக்குழி, அதை ஒதுக்கிவிட்டு வேறு லிங்க் போட்டாயிற்று. இரண்டு பக்கமும் புது டிரன்னியன், 90 ஆயில். ஹப் இப்போது ஒரு விரலால் திரும்புது. புஷ் போல்ட்டுகளை எடையோடு மறுபடி முறுக்கியதில் முன்பக்கம் 14 மி.மீ. இறங்கியது. ஆண்டி ரோல் பார் லிங்க்கைத் தளர்த்தியதும் இடது வலது உயர வித்தியாசமும் போய்விட்டது.

இனி அளவு எடுப்பது எப்படி? நம்பகமான அலைன்மெண்ட் கடை பக்கத்தில் இல்லை.

பழையவண்டி66

வீட்டிலேயே எடுக்கலாம். தூக்குக்குண்டு, நூல், ஸ்டீல் ஸ்கேல், கொத்தனார் டியூப் மட்டம் போதும். மெஷினை விட நேரம் பிடிக்கும், துல்லியத்தில் குறை இருக்காது.

தரை மட்டம்தான் அடிப்படை. டியூபில் தண்ணீர் நிரப்பி நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பாருங்கள், தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டு வைத்து 2 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு டைல்ஸ், வழவழப்பான முகங்கள் ஒன்றோடொன்று பார்க்க, நடுவில் கிரீஸ். அளவை மாற்றும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றாமல் இருக்க இது வேண்டும். டயர் காற்று முன் 22, பின் 26 பி.எஸ்.ஐ. பின்பக்கம் நாலு அதிகமாக இருப்பது இந்த வண்டிக்கு மிகவும் முக்கியம். நான்கிலும் ஒரே காற்று வைத்தால் பின்பக்கம் நழுவும். சீட்டில் மூட்டைகள் அப்படியே இருக்கட்டும்.

அளவெடுக்கும் முன் ஹப் பேரிங். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை 5 பவுண்டு அடி அளவுக்கு, அதாவது விரல் பலத்துக்குச் சற்று மேலே முறுக்கி, ஒரு முகம் பின்னால் எடுத்து ஸ்பிளிட் பின் போடுங்கள். மிக லேசான ஆட்டம் இருக்க வேண்டும். 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டும்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். நிற்காவிட்டால் டிரன்னியன் புஷ் அல்லது பால் ஜாயிண்ட்.

ரிம் நெளிவு இருக்கும், பழைய இரும்பு ரிம்மில் கட்டாயம் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஸ்கேலை ஓரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதிகமாக வெளிவரும் இடத்தைச் சாக்பீஸில் குறியுங்கள். கேம்பர் எடுக்கும்போது அந்தக் குறி முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும். டோ எடுக்கும்போது மேலேயோ கீழேயோ.

கேம்பர்: மட்கார்டு ஓரத்தில் இருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலில் இருந்து ரிம்மின் மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டுக்கும் தூரம் பாருங்கள். 13 அங்குல ரிம்மின் வெளி ஓரம் சுமார் 350 மி.மீ. அதில் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் 1 டிகிரி. மேல் ஓரம் நூலுக்குக் கிட்ட இருந்தால் பாசிட்டிவ்.

டோ: வண்டியின் இரு பக்கமும் ஹப் நடு உயரத்தில் நூல் கட்டுங்கள். இடது வலது ஹப் நடுவில் இருந்து நூல் சமதூரம், முன்னாலும் பின்னாலும் இரண்டு நூல்களுக்கு இடையே ஒரே தூரம். இந்த இரண்டும் சரியாக வரும் வரை நூலை நகர்த்துங்கள். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் ஓரம், பின் ஓரம் நூலுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஸ்டீயரிங் ரேக் நடுவில் இருக்க வேண்டும். லாக்கிலிருந்து லாக் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, ஸ்டீயரிங் வீலைக் கட்டிவிடுங்கள்.

நான்கு சக்கரத்தின் எண்களையும் இங்கே போடுங்கள்.

ஹெரால்டு948

எடை வைத்து, உருட்டிய பிறகு எடுத்தவை:

முன் கேம்பர்: இடது 9 மி.மீ. பாசிட்டிவ், வலது 3 மி.மீ. பாசிட்டிவ்.
முன் டோ: இரண்டு சக்கரமும் சேர்த்து 6 மி.மீ. உள்ளே.
பின் கேம்பர்: இடது 13, வலது 14 மி.மீ., இரண்டும் பாசிட்டிவ்.
பின் டோ: இடது 0, வலது 3 மி.மீ. வெளியே.

சேசிஸ்நம்பர்

எல்லாம் எண்ணிலேயே தெரிகிறது.

ஸ்டீயரிங் ஏன் வலது பக்கம் நிற்கிறது? வலது பின் சக்கரம் 3 மி.மீ. வெளியே பார்க்கிறது, இடது நேராக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வண்டியின் பின்பக்கத்தை வலது பக்கம் தள்ளுகின்றன, மூக்கு இடது பக்கம் திரும்புகிறது, நீங்கள் ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்து நேராக ஓட்டுகிறீர்கள். இடது பக்கம் இழுப்பதில் ஒரு பங்கு இது. இன்னொரு பங்கு முன் கேம்பர்: அதிகப் பாசிட்டிவ் உள்ள பக்கத்துக்கு வண்டி போகும், அது உங்களுக்கு இடது. வெளி ஓரத் தேய்மானம் 6 மி.மீ. டோ இன்னால் வருவது. உள்ளங்கையால் டிரெட்டின் குறுக்கே தடவினால், உள்ளிருந்து வெளியே வரும்போது கூர்மை கீறும்.

பின் டோவைச் சரிசெய்ய ரேடியஸ் ஆர்மின் முன் பிராக்கெட்டில் ஷிம் இருக்கும். ஷிம் சேர்த்தால் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு டோ அவுட் கூடும், எடுத்தால் டோ இன் பக்கம் வரும். 1 மி.மீ. ஷிம்முக்கு ரிம்மில் முக்கால் மி.மீ.க்குக் கிட்ட மாறும். உங்கள் வலது பக்கம் சுமார் 4 மி.மீ. எடுக்க வேண்டும். அவ்வளவு ஷிம் அங்கே இல்லையென்றால் ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று இடது ஆர்மோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பின் சக்கரமும் நேராக, 0. அதுவே இலக்கு. ஆனால் பின் கேம்பரைச் சரிசெய்த பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

முன் பிராக்கெட்டுகளைக் கழற்றி, சேசிஸோடு ஒட்டும் முகங்களில் கோட்டிங்கை வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். பவுடர் கோட்டிங் அழுத்தத்தில் நசுங்கும், போல்ட் தானாகத் தளரும். துருவுக்கு மெல்லிய பிரைமர் ஒரு கோட் போதும்.

கேம்பர்: கீழ் விஷ்போனுக்கு ஷிம் சேர்த்தால் சக்கரத்தின் அடி வெளியே போகும், பாசிட்டிவ் குறையும். 1.6 மி.மீ. தகடு ஒன்றுக்கு கிட்டத்தட்ட அரை டிகிரி, ரிம்மில் 3 மி.மீ. தொழிற்சாலை அளவு சுமார் 2 டிகிரி பாசிட்டிவ். அதனால் வலது பக்கத்தில் உள்ள இரண்டு தகட்டையும் எடுத்துவிடுங்கள். வலது 9, இடது 9, சமம்.

பழையவண்டி66

கடைசி வரியில் மட்டும் உடன்பாடு இல்லை. 2 டிகிரி என்பது 5.20-13 கிராஸ் பிளை டயருக்கு (ரேடியலுக்கு முந்தைய பழைய வகை டயர்) சொன்னது. ரேடியலின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், டிரெட் தட்டையாக உட்கார நினைக்கும். ஒன்றரை, இரண்டு டிகிரி பாசிட்டிவில் வெளி ஓரம் தேய்வது தொடரும், வளைவில் முன்பக்கம் பிடிமானமும் குறையும். வலது பக்கத்தைத் தொடாமல், இடது பக்கம் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் 2 தகடு சேர்ப்பதே என் பரிந்துரை. இரண்டும் 3 மி.மீ., அரை டிகிரி. ஸ்டீயரிங்கும் அதனால் கனக்காது. டிரையம்ப் இனத்து வண்டிகள் பலவற்றிலும் ரேடியலுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

காஸ்டருக்கும் இதே தகடுகள்தான். பின் பிராக்கெட்டில் மட்டும் சேர்த்தால் விஷ்போனின் நுனி முன்னால் போகும், காஸ்டர் கூடும். சுமார் 4 டிகிரி வேண்டும். அளக்க: சக்கரத்தை 20 டிகிரி வெளியே, பிறகு 20 டிகிரி உள்ளே திருப்பி, இரண்டு நிலையிலும் கேம்பர் எடுத்து, வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். கோணத்தை டைல்ஸ் ஓரத்தில் கோணமானி வைத்துக் குறிக்கலாம். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் என்றால் காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

சேசிஸ்நம்பர்

ரேடியலுக்கு உங்கள் வாதம் நியாயம். கிராஸ் பிளை போட்டுப் பழைய நிலையிலேயே வைத்திருப்பவர்கள் 2 டிகிரி வைக்கட்டும், ரேடியலுக்கு அரை டிகிரி. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்ற கலப்பு மட்டும் எக்காரணத்துக்காகவும் வேண்டாம்.

கோவை_லேத்

பின் பட்டையைப் பத்தி யாரும் இன்னும் சொல்லலை. 13, 14 மி.மீ. பாசிட்டிவ்னா ரெண்டு டிகிரிக்கு மேல, அதுவும் ரெண்டு ஆள் எடையோட. அலையறதுக்குப் பெரிய காரணம் அதுதானுங்க. ஸ்பிரிங் பட்டறைக்காரங்க லாரி பட்டை மாதிரி நினைச்சு வளைவை ஏத்திடறாங்க. ஸ்விங் ஆக்ஸில்ல உயரமும் கேம்பரும் ஒண்ணோட ஒண்ணு கட்டினது. பின்பக்கம் 10 மி.மீ. ஏறினா ஒரு டிகிரிக்கு மேல பாசிட்டிவ் கூடும். அந்த நிலையில வேகமா வளைச்சு, நடுவுல ஆக்ஸிலரேட்டரை விட்டா பின்பக்கம் இன்னும் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில மடங்கும், டயர் ஓரத்துல நிக்கும், வண்டி சுத்திடும். ஹெரால்டுக்குப் பேர் கெட்டதே இதனாலதான், ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் கார்ல பின்னால நேர் ஆக்ஸில் போட்டாங்க.

ரெண்டு பேர் உட்கார்ந்தா பின் சக்கரம் நேரா, இல்லேன்னா அரை டிகிரி நெகட்டிவ் நிக்கணும். உங்களுக்கு சுமார் 20 மி.மீ. இறக்கணும். நல்ல வழி, பட்டையைத் திரும்ப எடுத்து, வளைவைக் குறைச்சு வாங்கறது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வளைவுன்னு தரையில சாக்பீஸ் கோடு போட்டு வெச்சுப் பார்த்து வாங்குங்க. தகடுகளுக்கு நடுவுல இருக்கற ரப்பர் பொத்தான்களைப் பாருங்க, பட்டறைச் சூட்டுல போயிருக்கும். புதுசு போடுங்க, அதுக்குக் கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் உப்பிடும்.

இன்னொரு வழி டிஃபரென்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவுல அலுமினியக் கட்டை வைக்கிறது. பட்டை மேல ஏறினா வண்டி இறங்கும். அதுக்கு ஸ்டட் நீளமாப் போடணும். பழைய ஸ்டட்டுலயே நாலு மரையில நட்டு பிடிச்சிருந்தா ஒருநாள் மொத்தமும் கழண்டுடும்.

கழட்டும்போது கவனம். பட்டை இழுவிசையில நிக்கும். வெர்டிகல் லிங்க்குக்கு அடியில ஜாக்கி கொடுத்து, ஷாக்கைக் கழட்டி, கண் போல்ட்டை எடுத்து, ஜாக்கியை மெதுவா இறக்குங்க. எதிர்ல முகத்தை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. கண் போல்ட் ஸ்லீவ்ல துருப்பிடிச்சு வராது. சுத்தியால அடிச்சா லிங்க் காது விரியும், ஆக்ஸா பிளேடால ரெண்டு பக்கமும் அறுத்து எடுங்க, புது போல்ட் போடுங்க.

பழையவண்டி66

பட்டை முடிந்து, பின் டோ 0 ஆகி, முன் ஷிம் போட்ட பிறகு, முன் டோ. மேனுவலில் 0 முதல் 1/16 அங்குலம் உள்ளே, அதாவது அதிகபட்சம் 1.6 மி.மீ. ரேடியலுக்கு மொத்தம் 1 மி.மீ. உள்ளே வையுங்கள். ரேக் நடுவில் கட்டிய நிலையிலேயே, இரண்டு டை ராடையும் சம அளவு திருப்ப வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் டோ வரும், ஆனால் ஒரு பக்க லாக் குறைந்து மறுபக்க டயர் உரசும். அப்படி முடித்த பிறகும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி ஸ்பிளைனில் நகர்த்தி மாட்டுங்கள். லாக் நட்டை முறுக்கும்போது ரேக் ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முறுக்கினால் கிழிந்து தூசி போகும்.

டோவைத் தொடுவதற்கு முன்னால் ரேக்கை சேசிஸோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் அடியில் உள்ள ரப்பரையும் பாருங்கள். வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக அசைக்கட்டும். ரேக் உடம்பே நகர்ந்தால் ரப்பர் ஆயிலில் ஊறிப்போயிருக்கிறது. எத்தனை துல்லியமாக டோ வைத்தாலும் ஓட்டத்தில் நிற்காது. ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் கப்ளிங்கிலும் வெடிப்பு பாருங்கள்.

பிறகு கடையில் சரிபார்க்க விரும்பினால், மெஷினில் வேறு எந்தக் காரையும் தேர்வு செய்ய விடாதீர்கள். அளவைக் கையால் பதியச் சொல்லுங்கள்: முன் மொத்த டோ உள்ளே 10 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. அதிகபட்சம் 16 நிமிடம். பின் டோ 0. மணல் மூட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், ராம்ப்பில் ஏற்றிய பிறகு சீட்டில் வைத்து, அமுக்கி விட்டு, பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி ரிம் கிளாம்ப் சரிபார்ப்பு செய்தார்கள் என்றால், இறக்கிய பிறகு வண்டியை உருட்டாமல் வரும் பின் கேம்பர் எண்ணை நம்ப வேண்டாம்.

புது புஷ்ஷும் வளைவு மாற்றிய பட்டையும் உட்கார 500 கி.மீ. ஆகும். அதற்குப் பிறகு விஷ்போன் பிராக்கெட் நட்டுகள், யூ போல்ட், ரேடியஸ் ஆர்ம் போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், டோவை மறுபடி ஒருமுறை நூல் கட்டி எடுங்கள்.